கேவன்சைட்: வாகோலிப் பாறைகளில் நீலப் படிகம்

கேவன்சைட் அடர்நீல நிறம் கொண்ட, நீர் மூலக்கூறுகள் அடங்கிய சிலிக்கேட் கனிமம். கால்சியம், வனேடியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆனது. உலகெங்கும் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இருக்கும் நல்ல மாதிரிகளில் பெரும்பாலானவை ஒரே ஊரிலிருந்து சென்றவை. புனே நகருக்கு வடகிழக்கே, அகமதுநகர் நெடுஞ்சாலையில் இருக்கும் வாகோலிதான் அந்த ஊர். அங்குள்ள கல்குவாரிகள் கட்டடத்துக்கும் சாலைக்கும் ஜல்லி உடைப்பதற்காகத் தோண்டப்பட்டவை. படிகம் கிடைத்தது அந்த வேலையின் துணை விளைவு.

கனிமம் முதலில் அறியப்பட்டது இந்தியாவில் அல்ல. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இரண்டு இடங்களில், ஒவைஹி அணைப் பகுதியிலும் கோபிள் என்ற ஊரருகேயும், எரிமலைப் பாறைகளில் நீலநிறச் சிறு படிகங்கள் கிடைத்தன. லாய்ட் ஸ்டேப்பிள்ஸ், ஹோவர்ட் எவன்ஸ், ஜேம்ஸ் லிண்ட்சே ஆகிய மூவர் 1973இல் அதைப் புதிய கனிமமாக விவரித்து வெளியிட்டனர். அதே கட்டுரையில் இன்னொரு கனிமத்தையும் அவர்கள் அறிமுகம் செய்தார்கள். பென்டகோனைட் என்ற அதற்கும் கேவன்சைட்டுக்கும் வேதிச் சேர்க்கை ஒன்றே. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. ஓரிகன் படிகங்கள் மிகச் சிறியவை. கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் அழகு தெரியும். 1980களின் பிற்பகுதியில் வாகோலியில் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள உருண்டைகள் வெள்ளைப் படிகங்களின் மேல் உட்கார்ந்தபடி வெளிப்பட்ட பிறகே சேகரிப்பாளர்கள் இந்தக் கனிமத்தைத் தேடத் தொடங்கினர். நியூசிலாந்திலும் பிரேசிலிலும் கூட இது பதிவாகியிருக்கிறது. வாகோலிக்கு ஈடான இடம் இதுவரை எதுவும் இல்லை.

நீலம் எங்கிருந்து வந்தது

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு அலையலையாக வழிந்தது. இன்று ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அந்தப் படிவுகள் நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் அவற்றின் மொத்தத் தடிமன் 2 கிலோமீட்டரைத் தாண்டும். பாறையின் பெயர் பசால்ட். கறுப்பு அல்லது கருஞ்சாம்பல் நிறம், நுண்ணிய மணிகள், நல்ல கனம்.

குழம்பு ஒவ்வொரு முறை வழிந்தபோதும் அதற்குள் கரைந்திருந்த வாயுக்கள் குமிழிகளாக மேலேறின. மேற்பரப்பு முதலில் இறுகியதால் குமிழிகள் அங்கேயே சிக்கிப் பொந்துகளாயின. சில இடங்களில் இறுகிய மேல்தோலை அடியில் ஓடிய குழம்பு உடைத்துப் புரட்டியது. அப்படி உருவான கூளப்பாறையில் துண்டுகளுக்கு இடையே கோணல்மாணலான சந்துகள் நிறைய. படிகங்கள் வளர்ந்தது இந்தப் பொந்துகளிலும் சந்துகளிலும்தான். குழம்பு குளிர்ந்த பிறகு, மிக நீண்ட காலத்துக்கு, சூடான நிலத்தடி நீர் பாறைக்குள் ஊடுருவிக் கால்சியத்தையும் சிலிக்காவையும் கரைத்து வந்து வெற்றிடங்களில் படியவைத்தது. சியோலைட் எனப்படும் கனிமக் குடும்பம் தக்காணத்தில் இவ்வளவு செழித்ததற்குக் காரணம் இதுவே.

பசால்ட்டில் வனேடியம் இயல்பாகவே உண்டு, பத்து லட்சத்தில் சில நூறு பங்கு அளவில். பெரும்பாலான இடங்களில் அது இரும்புக் கனிமங்களுக்குள் சிதறிக் கிடந்துவிடும். அதை நீர் கரைத்தெடுத்து, ஒரு குறிப்பிட்ட ஆக்சிஜனேற்ற நிலையில் வைத்திருந்து, கால்சியத்தோடும் சிலிக்காவோடும் சேர்த்துப் படியவைத்தால்தான் கேவன்சைட் உண்டாகும். சியோலைட் தக்காணம் முழுக்கக் கிடைத்தும் கேவன்சைட் சில குவாரிகளோடு நின்றுவிடுவது இதனால்தான். புனேக்கு அருகே கிடைக்கும் பச்சை அபோபிலைட் என்ற கனிமத்தின் நிறத்துக்கும் வனேடியமே காரணம் என்பது இங்கே நினைவில் வைக்கத்தக்கது. அங்கே அது சிறு கலப்பு மட்டுமே. கேவன்சைட்டில் அது கட்டமைப்பின் ஓர் அங்கம். எனவே கேவன்சைட்டின் நீலம் வெளிறாது, வெயிலில் மங்காது.

குவாரியில் எங்கே பார்ப்பது

புதிதாக வருபவர் நீலத்தைத் தேடுவார். பழகியவர் முதலில் பாறையைப் பார்ப்பார். ஒரு குவாரிச் சுவரில் மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டினால், ஒரு குழம்புப் படிவின் உடலும் தலையும் பிரிந்து தெரியும். உடல் பகுதி இறுக்கமானது, செங்குத்தான வெடிப்புகள் கொண்டது, ஓட்டையில்லாதது. ஜல்லிக்கு உகந்த கல் அதுவே, அதனால் குவாரிக்காரர் அதைத்தான் விரும்புவார். அதில் படிகம் தேடுவது வீண் வேலை. தலைப்பகுதி சாம்பலும் பழுப்புச்சிவப்பும் கலந்து, பொத்தலும் உதிரியுமாக இருக்கும். கல் தரம் குறைவு என்று ஒதுக்கித் தள்ளப்படுவதும் அதுவே. அந்த ஒதுக்குக் குவியல்களே சேகரிப்பாளர் நிற்கவேண்டிய இடம்.

கூளப்பாறைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால், சந்துகளின் சுவரில் முதலில் பச்சையாக, மண் போன்ற ஒரு பூச்சு தெரியலாம். அது செலடோனைட். தக்காணத்தில் மிகச் சாதாரணமான பொருள்; நீலப்பச்சைச் சாயல் காரணமாகப் பலர் அதைக் கேவன்சைட் என்று பையில் போட்டுக்கொள்வார்கள். விரலில் தேய்த்தால் பொடி ஒட்டும், படிக முகம் எதுவும் மினுங்காது. அதற்கு மேல் கண்ணாடிபோன்ற ஹியூலாண்டைட், நெற்கதிரைக் கட்டிவைத்ததுபோல் இடுப்பு ஒடுங்கி இரு முனையும் விரியும் ஸ்டில்பைட், சில சமயம் வெண்பஞ்சாகப் படர்ந்த மோர்டெனைட் ஊசிகள், கடைசியாகக் கால்சைட் அல்லது அபோபிலைட். கேவன்சைட் பெரும்பாலும் ஹியூலாண்டைட் மீதோ ஸ்டில்பைட் மீதோ அமர்ந்திருக்கும். சில துண்டுகளில் ஸ்டில்பைட் அதன்மேலும் வளர்ந்து, நீலம் பாதி மூடிய நிலையில் தெரியும்.

இந்தக் கூட்டாளிகள்தான் அடையாளம் காண்பதில் முதல் சாட்சி. வெள்ளை ஸ்டில்பைட் எதுவும் இல்லாத, பச்சையும் பழுப்பும் கலந்த செம்புக் கனிமங்களோடு சேர்ந்த நீலம் என்றால் அது வேறு கனிமம். அந்தப் பாறையே வேறு.

தமிழ்நாட்டில் நீலக்கல் ஜல்லி என்று விற்கப்படும் கல்லில் பெரும்பகுதி சார்னோகைட் அல்லது நைஸ் வகையைச் சேர்ந்த, ஆழத்தில் உருமாறிய மிகப் பழைய பாறை. எரிமலைப் பொந்துகள் அதில் கிடையாது. செங்கல்பட்டுக் குவாரியிலோ கரூர்க் குவாரியிலோ சியோலைட் பொந்துகளைத் தேடி வெயிலில் அலைவதில் பயனில்லை.

அனுமதியும் ஆபத்தும்

கட்டடக்கல் சட்டப்படி சிறு கனிமம். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் அதற்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளிடம் விட்டிருக்கிறது. குவாரிக்குள் இருக்கும் கல் குத்தகைதாரரின் பொறுப்பில் இருப்பதால், அவரிடமோ அவருடைய மேலாளரிடமோ அனுமதி பெறாமல் ஒரு துண்டைக் கூட எடுக்கக்கூடாது. அனுமதி வாய்மொழியாக இருந்தால் பிறகு தகராறு வரும். பெயர், நாள், எந்தக் குவாரி என்பதைக் குறித்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது.

வெடி வைக்கும் நேரம் குவாரிக்குக் குவாரி மாறும். வெடித்து முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்க்கும் ஆசை வரும். புதிதாக உடைந்த கல்லில்தான் படிகம் சுத்தமாக இருக்கும். ஆனால் வெடிக்காமல் தங்கிய குச்சியும், சுவரில் தொங்கும் தளர்ந்த கல்லும் அப்போதுதான் மிக ஆபத்தானவை. வெடிமேலாளர் சரிபார்த்து அனுமதித்த பின்னரே உள்ளே போக வேண்டும். உயரமான சுவரடியில் எவ்வளவு நல்ல துண்டு தெரிந்தாலும் குனிந்து உட்காரக்கூடாது. தலைக்கவசம், கண்ணாடி, கனமான காலணி, தூசிக்கு முகமூடி ஆகியவை அவசியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் பள்ளங்கள் நிரம்பி, சுவர்கள் ஊறித் தளர்ந்திருக்கும்; அந்த மாதங்களைத் தவிர்த்துவிடலாம். புனேயைச் சுற்றி நகரம் வளர்ந்துவருவதால் குவாரிகள் மூடப்படுவதும் நிரப்பப்படுவதும் உண்டு. புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

குவாரிக்கு நேரில் போகாமலே நல்ல மாதிரி பெற முடியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளாகத் தொழிலாளர்களே படிகங்களை எடுத்துவைத்து வியாபாரிகளிடம் கொடுத்துவருகிறார்கள். அவர்களுடைய கண் பெரும்பாலான சேகரிப்பாளர்களின் கண்ணைவிடத் தேர்ந்தது. நாசிக் அருகே சின்னரில் இருக்கும் கார்கோட்டி அருங்காட்சியகத்தில் தக்காணத்துக் கனிமங்களை முதலில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு பிறகு வாங்குவதோ தேடுவதோ அறிவான வழி.

எடுக்கும் முறை

கருவிகள் அதிகம் தேவையில்லை. ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல், அகலமான உளி ஒன்று, கூரிய உளி ஒன்று, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நாளிதழ்த் தாள், மெல்லிய டிஷ்யூ தாள், முட்டை அட்டைகள், பேனா, சிறு சீட்டுகள்.

கேவன்சைட் உருண்டை ஆரவாக்கில் வளர்ந்த ஊசிப்படிகங்களின் திரள். அதன் பிடிமானம் மிகச் சிறிய ஒரு புள்ளிதான். பொந்தின் விளிம்பில் சுத்தியல் பட்டால் அதிர்ச்சி நேரே அந்தப் புள்ளிக்குப் போய் உருண்டை தெறித்துவிடும். எனவே உருண்டைக்குக் குறைந்தது நான்கு விரல் தள்ளி, பாறையில் ஏற்கனவே இருக்கும் வெடிப்பைத் தேடி அதில் உளியை வைக்க வேண்டும். வெடிப்பு இல்லையென்றால் அந்தத் துண்டை அப்படியே பெரிதாக எடுத்து வந்து, வீட்டில் திருகு அழுத்தியில் வைத்து மெதுவாக அழுத்தி உடைப்பது மேல். களத்தில் அழகாக வெட்டிக் கொடுக்கிறேன் என்று கிளம்பும் உதவியாளரைத் தடுத்து நிறுத்துவது சேகரிப்பாளரின் வேலைகளில் ஒன்று.

தெறித்து விழுந்த உருண்டைகளையும் தூர எறியக்கூடாது. அவை சோதனைக்குப் பயன்படும். அவற்றை எந்தத் துண்டிலிருந்து விழுந்தன என்று எழுதித் தனிப் பெட்டியில் போட வேண்டும்.

பொதியும்போது பஞ்சு வேண்டவே வேண்டாம். பஞ்சின் நூல் படிக முனைகளில் சிக்கிக்கொண்டால் எடுக்கும்போது முனைகளும் கூடவே வரும். டிஷ்யூ தாளைப் பாறைப் பகுதியைச் சுற்றி மடித்து, படிக முகம் எதிலும் படாதபடி முட்டை அட்டையின் குழியில் கவிழ்க்காமல் வைக்க வேண்டும். மோர்டெனைட் ஊசிகள் உள்ள துண்டின் மேல் தாள்கூடப் படக்கூடாது.

இனங்காணும் சோதனைகள்

முதல் கட்டம் கண்ணும் லென்ஸும். நிறம் ஆழ்ந்த வான்நீலத்திலிருந்து பச்சை கலந்த நீலம் வரை போகும். பளபளப்பு கண்ணாடி போன்றது. உருண்டை சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை இருப்பது வழக்கம். இரண்டு சென்டிமீட்டர் மிக அபூர்வம். உடைந்த உருண்டையின் உள்ளே மையத்திலிருந்து வெளியே விரியும் கதிர்கள் தெரிய வேண்டும். ஒரே நிறமாக மாவு போலிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது கடினத்தன்மை. மோ அளவில் 3 முதல் 4. செம்புத் துண்டு 3.5 அளவில் இருப்பதால் அது கீறலாம், கீறாமலும் போகலாம். கத்தி கண்டிப்பாகக் கீறும். இந்தச் சோதனையை மாதிரியின் மேல் செய்பவர் நல்ல மாதிரியைக் கெடுத்தவராவார். தனியே விழுந்த துகளில் மட்டும் செய்ய வேண்டும். பொடியின் நிறம் வெளிர் நீலம். ஒப்படர்த்தி 2.2 முதல் 2.3 வரை, அதாவது கண்ணாடியைவிடக் குறைவு.

சந்தையில் அடிக்கடி குழப்பம் தருவது அசுரைட் என்ற செம்புக் கனிமம். அதன் நீலமும் ஏறத்தாழ இதே ஆழம். ஆனால் அதன் ஒப்படர்த்தி 3.8 அளவில் இருப்பதால் கையில் வைத்தாலே கனம் தெரிந்துவிடும். ஒரு துகளின் மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் அசுரைட் நுரைக்கும்; கேவன்சைட் நுரைக்காது. அமிலச் சொட்டு மாதிரியின் மேல் விழக்கூடாது. கூட இருக்கும் கால்சைட் நுரைத்துக் கரைவது ஒருபுறம், ஸ்டில்பைட்டும் அமிலத்தில் மங்கிப்போகும்.

பென்டகோனைட்டைப் பிரிப்பதுதான் கடினம். வாகோலியில் இரண்டும் கிடைக்கின்றன, வேதிச் சேர்க்கை ஒன்றே, நிறமும் ஏறத்தாழ ஒன்றே. தோற்றத்தில் ஒரு வேறுபாடு உண்டு. கேவன்சைட் நெருக்கமான உருண்டையாகவோ கொத்தாகவோ வளரும். பென்டகோனைட் தனித்தனி ஈட்டிகளாக, நீண்ட தகடுகளாக, இடைவெளி விட்டு நிற்கும். ஒரு படிகத்தின் முனையை நேர்மேலிருந்து லென்ஸில் பார்க்கும்போது ஐந்து கைகள் கொண்ட நட்சத்திரக் குறுக்குவெட்டு தெரிந்தால் அது பென்டகோனைட்டின் இரட்டைப்படிகம். நட்சத்திரம் தெரியவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. ஒளியியல் நுண்ணோக்கி உள்ளவர்களுக்கு வழி எளிது: இரண்டுமே ஈரச்சுக் கனிமங்கள், கேவன்சைட் ஒளியியல் நேர்குறி, பென்டகோனைட் எதிர்குறி. மற்றவர்கள் ஒரு துகளைப் புவியியல் துறை உள்ள பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி எக்ஸ்கதிர் விளிம்பு விளைவுச் சோதனை செய்துகொள்ளலாம். பென்டகோனைட் அரிதாக இருப்பதால் விலை அதிகம். ஈட்டி வடிவம் கொஞ்சம் தெரிந்தாலே அந்தப் பெயரை ஒட்டிவிடும் பழக்கம் வியாபாரத்தில் இருக்கிறது. சோதனைச் சான்று இல்லாமல் அந்த விலை கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

போலியும் ஒட்டுவேலையும்

முழுக்கச் செயற்கையான கேவன்சைட்டைவிட உண்மையான உருண்டையை வேறொரு ஸ்டில்பைட் துண்டின் மேல் ஒட்டி விற்பதே அதிகம். இரண்டும் அசல், சேர்க்கை மட்டும் பொய். உருண்டையின் அடிப்பாகத்தை லென்ஸில் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். இயற்கையாக வளர்ந்திருந்தால் சிறு ஸ்டில்பைட் படிகங்கள் உருண்டையின் காலடியில் ஏறி வளர்ந்திருக்கும், அல்லது உருண்டையின் ஊசிகள் அடிப்படிகத்தின் முகத்தோடு இசைந்து அமர்ந்திருக்கும். ஒட்டியதாக இருந்தால் பளபளப்பான வளைந்த ஓரம், அதற்குள் ஒரு காற்றுக்குமிழி, பசையில் சிக்கிய கல்தூள் தெரியும். உருண்டை உடைந்த படிகங்களின் மேல் உட்கார்ந்திருப்பதும் துப்பு. இயற்கையில் அது முழு முகத்தின் மேல்தான் வளர்ந்திருக்கும்.

புற ஊதா விளக்கில் பல எபோக்ஸி பசைகள் வெளிர்நீலமாக ஒளிரும். சில கால்சைட்டுகளும் ஒளிரும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உடனடிப் பசை அசிட்டோனில் இளகும். எபோக்ஸி எளிதில் இளகாது. பஞ்சுக்குச்சியில் அசிட்டோனைத் தொட்டு ஓரத்தில் தேய்க்கும் சோதனை சாயத்தையும் காட்டிக்கொடுக்கும். வெண்மையான ஒகனைட் உருண்டைகளுக்கு நீலச் சாயம் ஏற்றி விற்பது தக்காணச் சந்தையில் பழைய தந்திரம். அவை பஞ்சுபோல் மென்மையாகத் தெரியும். கேவன்சைட்டின் கூர்முனை அவற்றில் இராது.

சேதத்தையும் பிரித்தறியப் பழக வேண்டும். உருண்டையின் ஒரு பக்கம் தட்டையாக இருப்பதெல்லாம் உடைசல் அல்ல. பொந்தின் எதிர்ச்சுவரை முட்டி வளர்ந்ததால் வந்த தட்டை மங்கலாக, எதிர்ச்சுவரின் மேடுபள்ளத்தை அச்சாகக் கொண்டிருக்கும். புதிய உடைசல் மின்னும். உள்ளே கதிர்கள் தெரியும். விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம்.

சுத்தம் செய்தலும் பதிவும்

கேமராவுக்குப் பயன்படும் ரப்பர் ஊதுகுழல்தான் முதல் கருவி. அதற்குமேல் தேவையென்றால் மென்மையான ஓவியத் தூரிகை, வடிகட்டிய நீர் கொஞ்சம். மோர்டெனைட் உள்ள துண்டை நனைத்தால் ஊசிகள் ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்தபின் பிசுபிசுத்த முடிபோலாகிவிடும், மீட்க வழியில்லை. மீயொலித் தொட்டி உருண்டைகளை உதிர்த்துவிடும். அமிலம் வேண்டாம். சூடும் வேண்டாம்: கேவன்சைட்டுக்குள்ளும் சியோலைட்டுகளுக்குள்ளும் நீர் இருக்கிறது, சூடேற்றினால் அது வெளியேறும். விளக்கின் அடியில் நெருக்கமாக வைக்கும் கண்ணாடிப் பேழைகளில் இந்தக் கவனம் தேவை.

பதிவேட்டில் வரிசை எண், எடுத்த நாள், குவாரியின் இடம், படிவின் எந்தப் பகுதி, சுற்றியிருந்த பாறை, கூட இருந்த கனிமங்கள், யாரிடமிருந்து வந்தது ஆகியவை இருக்க வேண்டும். ‘புனே’ என்று மட்டும் எழுதுவது போதாது. பாஷான் குன்றுகளிலிருந்தும் வாகோலியிலிருந்தும் வரும் மாதிரிகள் கனிமவியலில் வெவ்வேறு செய்தி சொல்பவை. 19ஆம் நூற்றாண்டில், 1863இல் திறக்கப்பட்ட போர்காட் ரயில்பாதைக்காக மலையைக் குடைந்தபோது வெளிவந்த சியோலைட்டுகள் பல, கிடைத்த இடம் சரியாகக் குறிக்கப்படாமலே ஐரோப்பியச் சேகரிப்புகளுக்குச் சென்றன. அவற்றை இன்று பாறைப் படிவோடு பொருத்திப் பார்ப்பது சிரமம்.

எண்ணைப் பாறையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சு சிறிது தடவி அதன்மேல் கறுப்பு மையில் எழுத வேண்டும். காகிதச் சீட்டு மாதிரியோடு பெட்டியில் இருக்கலாம், ஆனால் சீட்டு தொலையும், எண் தொலையாது. வாங்கிய மாதிரியென்றால் பழைய உரிமையாளரின் சீட்டைத் தூக்கிப் போடாமல், புதிய சீட்டின் கீழேயே வைத்துவிட வேண்டும். சோதனைக்கு அனுப்பிய துகளின் முடிவு வந்ததும், அது எந்த எண்ணுக்குரியது, எந்த முறையில் செய்யப்பட்டது என்பதை அதே பக்கத்தில் எழுத வேண்டும். சோதனை செய்யப்படாத நீல ஈட்டிகளுக்கு நேரே ‘கேவன்சைட் அல்லது பென்டகோனைட்’ என்று எழுதி வைப்பதே சரியான பதிவு.